நுங்கு மரத்துக் குருத்து

ஜூன் 12, வியாழன்

பதினொரு பனைகளில் பத்துக்கு ஆணா பெண்ணா என்ற என் சோதனை முடிவு சரியாக வந்தது. ஒன்றுதான் இரண்டு நாளாய் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆண் பனையின் டிஎன்ஏவில், பெண் பனையில் இல்லாத பெரிய துண்டு ஒன்று உண்டு. துணுக்குத் துணுக்காய் வாசித்தபோது அது எங்களுக்குப் பிடிபடவில்லை. இப்போது நீளமாக வாசிப்பதால் முழுதாகத் தெரிகிறது. ஏழாவது பையிலிருந்த குருத்தோலையிலும் அது இருந்தது. ஆனால் காணிக்காரர் செல்வம் அண்ணை அந்தப் பையில் எழுதியிருந்தது 'பெண்'.

"உம்மடை முறையிலைதான் எங்கையோ பிழை," என்றார் பேராசிரியர்.

எனக்குப் பொறுக்கவில்லை. இன்று கொடிகாமத்துக் காணிக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

செல்வம் அண்ணை முதலில் மழுப்பினார். பிறகு சிரித்தார். "உந்த ஏழாவது எங்கடை நுங்கு மரம், தங்கச்சி. காய்க்கிற மரத்தின்ரை குருத்தை வெட்ட மனம் வரேல்லை. பக்கத்து வடலியிலைதான் வெட்டினனான்."

பிழை என்னுடையதல்ல! பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று யாருக்குமே தெரியாத இளம் பனை, அந்த வடலி. எனக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப அந்த வடலி ஆணோ?"

"ஓம், அண்ணை."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

"அப்ப காய்க்காதே, என்னத்துக்கு அது?" என்று கோடாலியை எடுத்தார். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"தறிக்காதேங்கோ, அண்ணை. அது பூக்கிறதை நான் பாக்கவேணும்."

"நிச்சயமெண்டுதானே சொன்னனீர்?"

நிச்சயம்தான். ஆனாலும் அது பூக்கவேண்டும்.