நான்காவது ரேடியேட்டர்

அன்பு மகன் ஸுஹைபுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் இருக்கிறோம், அவருக்கு மூச்சு கொஞ்சம் குறைவு, எனக்கு நடை கொஞ்சம் குறைவு, இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆள் தேறும். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் வாப்பா காதில் விழும், விழக்கூடாத சங்கதி இது. உன் சின்னம்மா மகள் ரஹஃப் நீ இருக்கிற மால்மோவுக்கே திரும்புகிறாள், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஸஅத்தர் பொடியோடு இதையும் அவள் பையில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு எந்தச் சூடு வைப்பது என்று நாம் மாதக்கணக்கில் பேசியது உனக்கே தெரியும். பழைய இரும்புக் கணப்படுப்பில் ஜைத்தூன் காய் பிழிந்த புண்ணாக்கை எரித்தே நம் காலம் ஓடியது, போன குளிரில் கிழக்குக் காற்று குழாய் வழியாகப் புகையைத் திருப்பி அடித்து வாப்பா இருமி இருமி நீலம் பாரித்த பிறகு, இர்பித் ஆஸ்பத்திரி டாக்டர் அந்த அடுப்பே கூடாது என்று சொல்லிவிட்டார். சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டர் எனக்குப் பயம். நம் ஆட்கள் இருக்கிறார்களே, குளிர் வருகிறது என்று ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணியைத் திணித்துவிட்டு, தலை சுற்றுகிறதே ஏன் என்று கேட்பார்கள். ஏசியிலேயே சூடு வரும் என்று பக்கத்து வீட்டு உம்மு கினானா ஒரே பெருமை அடித்தாள், போன வருஷம் முதல் பனி விழுந்ததும் கரண்ட் போய், போர்வையைச் சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள். கடைசியில் நீ சொன்னதே சரி என்று ஆயிற்று, டீசல் பாய்லர், சுவருக்குச் சுவர் வெந்நீர் ரேடியேட்டர், கரண்ட் போனால் பம்பு ஓட ஒரு பேட்டரி.

ஆனால் மகனே, எனக்கு வேறு ஒரு கவலை இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. அந்த ஊர்க் குடியுரிமைக்கு நீ எழுதிக்கொடுத்திருக்கிறாய் என்று கேட்ட நாளிலிருந்து வாப்பா உன் போனுக்கு வருவதில்லை, அது உனக்குத் தெரியும். வீட்டிலும் அப்படித்தான் என்பது உனக்குத் தெரியாது. வெயில் காலம் முழுக்கத் தன் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பார், சோற்றுத் தட்டுகூட உள்ளேதான் போகும். குளிர் வந்தால்தான் மனுஷன் வெளியே வருவார், ஏனென்றால் கணப்பு இருப்பது கூடத்தில் மட்டும். அடுப்பு மேல் ரொட்டி சுடுவார், ஆரஞ்சுத் தோலைப் போட்டு வாசம் பிடிப்பார், டீயில் சர்க்கரை குறைவு என்று சண்டை பிடிப்பார், சண்டைக்காகவாவது வாயைத் திறப்பார். அவர் அறையும் சூடாகிவிட்டால் அந்தக் கொஞ்சமும் போய்விடுமே என்று பயந்தேன். பாய்லர் நான்கு ரேடியேட்டர்தான் தாங்கும் என்றதும் நீ கூடம், குளியலறை, எங்கள் படுக்கையறை, வாப்பாவின் அறை என்று எண்ணிவிட்டு, என் அறை எதுக்கும்மா, யாரு இருக்கா, பூட்டியே கிடக்கட்டும் என்றாய். நீ சும்மாதான் சொன்னாய், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

குழாய் போட முஃதஸிம் வந்தான், இரும்புக் கடை ஸாமியின் மருமகன். டீ கொடுக்கிற சாக்கில் அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டு, தம்பி, ஹாஜியார் அறைக்குக் குழாய் எட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, உனக்குப் புண்ணியமா போகும் என்றேன். பொய் சொல்லச் சொல்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. அவன் கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறான். பெரியம்மா, நீங்க எதுக்குக் கஷ்டப்படுறீங்க, ஹாஜியார் காலையிலயே என்னை வாசல்ல மடக்கிட்டார் என்றான். வாப்பா அவனிடம், என் ரூம்ல ஒண்ணும் வேணாம்டா, நான் கூடத்துலயே கிடந்துக்கறேன், அதைக் கொண்டுபோய் மூலை ரூம்ல மாட்டு, அங்க வீடு பூரா சூட்டுல இருந்து பழகுனவன், இங்க வந்து ஒரு ராத்திரி நடுங்கினா மறுநாளே பெட்டியைக் கட்டிடுவான், இவகிட்ட மட்டும் சொல்லாத, உடனே போன்ல ஒப்பிச்சிடுவா என்றாராம்.

மூலை அறை உன் அறை. கையில் கிடைத்த அடுப்படித் துணியில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முஃதஸிம் பாவம், வெங்காயம் நறுக்குறீங்களா என்று கேட்டு வைத்தான்.

இப்போது வீடு கதகதப்பாக இருக்கிறது. உம்மு கினானா வந்து டீ கெட்டிலை ரேடியேட்டர் மேல் வைத்துவிட்டுக் கொதிக்கும் கொதிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், வாப்பா வேடிக்கை பார்த்துவிட்டு அவள் போன பிறகு சிரித்தார், எத்தனை காலம் ஆயிற்று அந்தச் சத்தம் கேட்டு. பகல் முழுக்கக் கூடத்தில்தான் இருக்கிறார், இருமலும் குறைந்திருக்கிறது. உன் அறைப் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது, ஜைத்தூன் எண்ணெய் விட்டுத் திறந்தது அவர்தான். சாயங்காலம் ஆனால் உள்ளே போய் ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார். யாரும் இல்லாத அறைக்கு எதற்கு டீசல், அடைத்துவிடலாமே என்று வேண்டுமென்றே கேட்டேன். அடைச்சா தண்ணி உறைஞ்சு குழாய் வெடிக்கும், உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தார். அந்த அளவுக்குக் குளிர் இன்னும் வரவே இல்லை.

உன் குடியுரிமையை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை, அது உன் பிழைப்பு. வருவது எப்போது என்றும் கேட்கவில்லை. அல்லாஹ் உன் உடம்பையும் ஈமானையும் காத்து, போகிற வழியெல்லாம் நல்ல மனிதர்களை நிறுத்தட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் கைப்போனுக்குக் கூப்பிடாதே, கூடத்தில் இருக்கிற பழைய போனுக்குக் கூப்பிடு. அறையைப் பற்றி மூச்சு விடாதே, அவர் இருமலைப் பற்றிக் கேள், போதும். நான் அடுப்படியில் இருப்பேன், எத்தனை தடவை அடித்தாலும் எடுக்க மாட்டேன்.

உனக்காக எந்நேரமும் துஆ செய்யும்
உன் உம்மா
நாயிஃபா
அஜ்லூன்