சாப்பிடவில்லை, வாங்கிக்கொண்டேன்

அக்கா,

இன்று காலை கடை திறந்து தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வாடிக்கையாக நெய் வாங்க வருகிற ஒருவர், "மொதலாளி, இந்தாங்க, கோயில் இட்லி" என்று மந்தாரை இலையில் மடித்த ஒரு துண்டைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் வைத்தார். நான் இலையைப் பிரிக்கக்கூட இல்லை. சுக்கும் மிளகும் நெய்யும் கலந்த அந்த வாசனை அதுவாகவே வந்து மூக்கில் ஏறிற்று. எழுந்து வெளியே போய் நின்றேன். கடை ஆட்கள் மயக்கமோ என்று பயந்து சோடா வாங்கிவந்து கொடுத்தார்கள். அவர்களிடம் என்னவென்று சொல்வது? இந்த வாசனைதான் என் அக்காவை ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது என்று வியாபார நேரத்தில் யாரிடம் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். நீ மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்கிறவர்களுக்கு நான் தலையாட்டி வைப்பேன். நம்பியதில்லை.

தென்னேரியில் நடந்த அந்தக் கல்யாணம் நினைவிருக்கிறதல்லவா? பந்திக்கு நெய் என் கடையிலிருந்து போனது. நீ ரசித்துச் சாப்பிட்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்துவிட்டாய். "வாயுடா, ஒண்ணும் இல்ல" என்றாய். வீட்டுக்கு வந்ததும் ஓமத் தண்ணீர். அடுத்த முறை சுக்குக் கஷாயம். அதற்கும் அடுத்த முறை கண் மஞ்சளானபோது கீழாநெல்லி. எண்ணெய் கூடாது, நெய் கூடாது என்று பத்தியம் வைத்தார்கள். வலி அடங்கியது. மருந்து கேட்டது என்று தெருவே சொன்னது. நெய்யை நிறுத்தியதால் அடங்கியது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

நான்தான் பிடிவாதமாக உன்னை மெட்ராசுக்கு இழுத்துப் போனேன். ஏதோ மாத்திரைகளை விழுங்க வைத்து மறுநாள் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, பித்தப்பைக்குள் புளியங்கொட்டை போலக் கிடந்தவற்றைக் காட்டினார். பையோடு எடுத்துவிட வேண்டும், அதுவரை கொழுப்பே கூடாது என்றார். வெளியே வந்ததும் நீ ஆரம்பித்துவிட்டாய்.

"பாருடா, நெய்க்காரன் அக்காவுக்கு நெய் ஆவாதாம். ஊருல சொன்னா உன் சரக்குமேல சந்தேகம் வரும்."

"நீ மொதல்ல வெளிய சொல்லாம இரு."

"கல்லு இருக்குதுன்னாவது சொல்லிக்கலாமா? வயித்துக்குள்ள ஜல்லி வெச்சிக்கினு இருக்கேன், வீடு கட்டறவங்க வந்து கேக்கட்டும்."

கூரத்துக்கும் மாகறலுக்கும் சைக்கிள் மிதித்து, வெண்ணெய் வாங்கி உருக்கி விற்று இந்தக் கடையை வைத்தவன் நான். யாரிடமும் பேச்சில் தோற்றதில்லை. உன்னிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தேன். அது அப்போது சந்தோஷமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முதல் நாளே உன்னைச் சேர்த்தோம். மஞ்சள் இருந்த உடம்பு, ரத்தம் உறையாது என்று ஊசி போட்டார்கள். எனிமா கொடுத்தார்கள். அதற்கு நீ பட்ட வெட்கத்தில் என்னை வராந்தாவுக்குத் துரத்திவிட்டாய். நர்ஸ் வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக்கூடாது, வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று சொன்னார். நீ சிரித்தாய். "சனிக்கிழமை ஆனா பெருமாளுக்குப் பட்டினி கெடக்கிறவ நானு. எனக்கு இது பெருசா?"

அங்கேதான் நம் வீட்டு வழக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமைப் பட்டினியில் நீ ஒரு பருக்கை தொடமாட்டாய். ஆனால் பெருமாள் கோயிலிலிருந்து பிரசாதம் வந்தால் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வாய். அதனால் விரதம் கெட்டது என்று நம் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. பிரசாதத்தைச் சாப்பிட்டேன் என்று சொன்னால் அம்மா திட்டுவாள், ஞாபகமிருக்கிறதா? வாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் மாமா ஊரில் பெருமாள் கோயிலுக்குப் போய், உன் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டு, இட்லிப் பிரசாதம் வாங்கி, ஓடிப் பஸ் பிடித்து வந்தார். தறியை விட்டு எழுந்து தெருமுனை வரை போவதற்கே யோசிக்கிறவர் உன் புருஷன். உன் கையில் ஒரு விள்ளலை வைத்தார். நான் அப்போது மருந்துக் கடையில் இருந்தேன்.

நான் மாடிப்படி ஏறி வரும்போது உன்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள்.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்லம்மா. நேத்திலருந்து பட்டினிதான்."

நர்ஸ் உன் மூக்குத்தியைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார். "என்னம்மா, வாயில மிளகு வாசனை?"

"அதுவா? பிரசாதம்மா."

"சாப்பிடலன்னு சொன்னீங்களே!"

"சாப்புடலம்மா. வாங்கிக்கினேன்."

நீ பொய் சொல்லவில்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டு, இந்தப் பெண்ணுக்கு ஏன் கோபம் என்று விழித்துக்கொண்டிருந்தாய். டாக்டர் வந்தார். கையுறையைக் கழற்றி எறிந்தார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடுவாள் என்று மாமாவிடம் கத்தினார். பிறகு அவரே தணிந்து உன் தோளைத் தட்டினார். "நல்லவேளைம்மா. உயிர் தப்பிச்சீங்க. அடுத்த வாரம் வாங்க."

அந்த நல்ல மனிதர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஊருக்குத் திரும்பும் பஸ் வாலாஜாபாத் தாண்டுவதற்குள் நீ முடிவு செய்துவிட்டாய். "பெருமாளுக்கு இஷ்டம் இல்லடா. கத்தி வெக்க வேணாம்னு அவரே தடுத்துட்டாரு."

"அக்கா, நீ தின்னதால தள்ளிப் போட்டாங்க. அவ்வளவுதான்."

"டாக்டர் இன்னா சொன்னாரு? உயிர் தப்பிச்சீங்கன்னாரா இல்லியா? நீயும் கேட்டுக்கினுதான இருந்த?"

"மயக்க மருந்து குடுத்திருந்தா போயிருப்ப. குடுக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிட்டதால தப்பிச்சன்னு சொன்னாரு."

"அதான் நானும் சொல்றேன். தெரிய வெச்சது யாரு?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கொண்டுவந்த ஒரு விள்ளல் உன்னைக் காப்பாற்றிவிட்டது என்று அவருக்கு அப்படியொரு பெருமை.

அடுத்த வாரம் நீ வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்து கதை கேட்டார்கள். நர்ஸ் மோந்து பார்த்த இடம் வந்ததும் நீ குரலைத் தாழ்த்துவாய். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மாமா தறிக்குழியில் இருந்தபடியே, "பஸ் கெளம்பிடுச்சுமா, நான் கைய காட்டனதும் நின்னுதே, அத்தச் சொல்லு" என்று எடுத்துக் கொடுப்பார். அந்த மனுஷன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

நான் மல்லுக்கு நின்றேன். கெஞ்சினேன், மிரட்டினேன். கடைசியில் உன் வழியிலேயே வந்து பார்த்தேன். "பெருமாள் தேதியைத்தான் தள்ளிப் போடச் சொன்னாரு. வேணாம்னு சொல்லலியே."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "விக்கிற வாய்டா உனக்கு. வனஸ்பதியக்கூடப் பசு நெய்யின்னு தலையில கட்டிடுவ. என்கிட்ட ஆவாது."

நெய்யும் எண்ணெயும் இல்லாமல் சாப்பிட்டு வந்ததால் வலி எப்போதாவதுதான் வந்தது. வரும்போது மறைத்தாய். வராத நாட்களை எனக்குச் சாட்சியாகக் காட்டினாய். நானும் மெல்ல வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் நானும் கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. நம்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் மாமா குடையில்லாமல் கடைக்கு ஓடிவந்தார். டாக்சியில் என் மடியில் தலை வைத்திருந்தாய். குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வயிற்றில் முந்தானை பட்டாலே அலறினாய். அதே நர்சிங் ஹோம், அதே நர்ஸ். அவர் உன்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

பல் கிட்டிக்கொண்டிருந்தது உனக்கு. "சாப்புடவும் இல்லம்மா. வாங்கிக்கவும் இல்ல."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வயிற்றைத் திறந்து பார்த்தபோது பித்தப்பை உள்ளேயே அழுகி உடைந்திருந்தது. டாக்டர் என்னை மட்டும் வராந்தாவின் கோடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். "வயிறு முழுக்கச் சீழ். கழுவி விட்டிருக்கேன். அன்னைக்கே எடுத்திருந்தா இந்நேரம் வீட்டுல சமைச்சிக்கிட்டு இருப்பாங்க." அவர் குற்றம் சாட்டவில்லை. களைப்பில் சொன்னார். அது என்னோடு நிற்கட்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு நீ பிழைத்துவிடுவாய் என்று நாங்கள் நம்பிய நாட்கள். அவற்றை நினைக்கத்தான் என்னால் முடிவதே இல்லை. மூக்கில் ஒரு குழாய். விலாவில் ஒரு குழாய், அதிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம் ஒரு பாட்டிலில் சொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சுவாய். உதட்டில் ஈரப் பஞ்சு மட்டும் வைக்கலாம். இருமச் சொல்வார்கள். தையல் பிரிந்துவிடும் என்று பயந்து நீ இருமமாட்டாய். தலையணையை உன் வயிற்றோடு சேர்த்து நான் அழுத்திப் பிடித்துக்கொள்வேன், நீ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இருமுவாய். குடல் வேலை செய்ய ஆரம்பித்தால்தான் ஆகாரம். டாக்டர் தினமும் வந்து, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பார். அவர் போனதும் நீ என்னைக் கிட்டே கூப்பிட்டாய்.

"வாயு வாயுன்னு கத்துனப்ப ஒரு டாக்டரும் வரல. இப்ப அதுக்காவ எல்லாரும் வாசல்ல காத்துக்கினு இருக்கீங்க."

சிரிக்கப்போய் வலியில் அழுதாய். ஒரு காலை அது நடந்தது. மாமா வராந்தாவில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். ஜன்னல் வரை நடத்தினோம். எடுத்த கற்களை ஒரு சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். நீ அதைக் குலுக்கிப் பார்த்து, "இத்தக் கொண்டுபோயி எங்கியாவது கொட்டுடா, பாக்கவே சகிக்கல" என்றாய். நான் பாலத்திலிருந்து கூவத்தில் வீசினேன். ஊருக்கு ஆள் அனுப்பி வீட்டைக் கழுவி வைக்கச் சொன்னேன்.

அப்புறம் மறுபடியும் காய்ச்சல். தையல் வாயிலிருந்து சீழ். எந்த ஊசிக்கும் கேட்கவில்லை. மாமா கீழே டீ குடிக்கப் போயிருந்த ஒரு சாயங்காலம் நீ கண்ணைத் திறக்காமலே பேசினாய்.

"நான் போயிட்டா மாமாவ ஒண்ணும் சொல்லிடாதடா."

"போவமாட்ட. சும்மா இரு."

"ஆசையா எடுத்துக்கினு வந்தாரு. ஓடி வந்தாராம். மூச்சு வாங்கிக்கினு நின்னாரு. வேணாம்னு எப்படிச் சொல்லுவேன்?"

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து? சாப்பிடவும் இல்லை, வாங்கிக்கவும் இல்லை என்று சொன்னபோதா? அல்லது அந்த முதல் நாளிலேயே, அந்த விள்ளலை வாயில் வைக்கும்போதேயா? அப்படியானால் பெருமாள் தடுத்தார் என்று தெருவைக் கூட்டிச் சொன்னதெல்லாம் அவருக்காகச் சொன்னதா? கேட்கலாம் என்று வாயெடுத்தேன். மாமா டீ டம்ளரோடு வந்துவிட்டார். மறுநாள் கேட்க நீ இல்லை.

காலம் போனால் ஆறும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை. ஆறியது போல நடந்துகொள்ளப் பழகியிருக்கிறேன். வியாபாரம் நடக்கிறது. தறியை மாமா வேறொருவருக்கு விட்டுவிட்டார். கோயில் பக்கம் போவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என் கடைக்கு வந்து, மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். கூட்டம் குறையும்வரை காத்திருப்பார். பிறகு ஒரே கேள்வி.

"அன்னைக்கி அந்த பஸ்ஸு நிக்காம போயிருந்தா, அவ இருந்திருப்பா இல்ல?"

"இல்ல மாமா. அப்ப எடுத்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். டாக்டரே சொன்னாரு."

"டாக்டரே சொன்னாரா?"

"என்கிட்டதான் சொன்னாரு."

"சரிப்பா" என்று எழுந்து போவார். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் தடவை கேட்பது போலவே கேட்பார்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன் அக்கா. பஸ் நிற்காமல் போயிருந்தால் நீ இருந்திருப்பாய். இந்நேரம் சமைத்துக்கொண்டிருப்பாய். இதை நான் வேறு யாரிடமும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டுப் போய்விட்டாய். வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்ததுமே அவர் என் பேச்சை நம்புகிறாரா இல்லையா என்று சொல்லிவிடுகிறவன் நான். மாமாவுக்குப் பதில் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்து எதையாவது நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.