வேலி தாண்டிய இரண்டு பந்துகள்

அன்பு மகள் கசுமிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி தைகாவும் மூன்று வேளையும் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கானாங்கெளுத்தியைத் தரம் பார்க்கப் போன அந்த நார்வே நாட்டுக் குளிரில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. இந்த ஜூலை வெக்கையிலும் அம்மா அதைப் போட்டுக்கொண்டுதான் கடல்முள்ளெலி உடைக்கிற கொட்டகைக்குப் போகிறாள். என்னடி இது கோலம் என்று கேட்டால், எம் பொண்ணு அனுப்புனது, உங்களுக்கா வேர்க்குது என்கிறாள். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம்.

படகுப் பட்டறையில் எனக்கு வேலை இருக்கிறது. கீழைத்துறை ஹதகேயாமா புதுப் படகு வாங்கினான், முகப்பில் மனைவி பெயரை எழுதச் சொன்னான். எழுதிக் காய்வதற்குள் வீட்டில் என்ன சண்டையோ, அதை அழிச்சுட்டு எங்கம்மா பேரை எழுதுய்யா என்று வந்து நின்றான். அம்மா பெயரை எழுதினால் மறுநாள் காலையில் அவன் மனைவி வந்து நிற்கிறாள். கடைசியில் பின்னாலிருக்கிற மலையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன், மலையோடு யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், சொல்ல வந்தது வேறு, அதன் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

போன ஞாயிறு நீ தொலைபேசியில், தைகா ஏம்ப்பா எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறான், தொழிற்சாலையில வேலை கிடைச்ச மாதிரிதான்னு அம்மா சொன்னாங்க, அவனுக்கு சந்தோஷமா இல்லையா என்று கேட்டாய். நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அம்மா பக்கத்திலேயே இருந்தாள், அவளுக்கு இன்னும் தெரியாது. எனக்கும் தைகாவுக்கும்தான் தெரியும், இப்போது உனக்கு.

பேஸ்பால் மட்டை மாறிய கதை உனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். பந்து எறிகிற பையன்கள் முகத்தில் அடி வாங்குகிறார்கள் என்று இந்த வசந்தத்திலிருந்து நாடு முழுக்க உயர்நிலைப்பள்ளிப் பையன்களுக்குப் புது மட்டைதான் என்று ஆக்கிவிட்டார்கள். அதே உலோகம், ஆனால் ஆள் கொஞ்சம் மெலிவு, உள்ளே தகடு தடிமன், பந்து பட்டால் பழையதுபோலத் துள்ளாது. பழையது கணீரென்று துறைமுகம் வரைக்கும் கேட்கும், இது ஈரப் பலகையில் தட்டின மாதிரி டொக் என்கிறது. போன வருஷம் வரைக்கும் பயிற்சி ஆட்டங்களையும் சேர்த்து வேலி தாண்டி இருபத்து மூன்று ஹோம் ரன் அடித்தவன் நம் தைகா, இந்த வருஷம் மார்ச்சிலிருந்து ஒன்றுகூட இல்லை. அதே வீச்சுதான், பந்து வேலிக்கு நாலு எட்டு முன்னால் சோர்ந்துபோய் எதிராளியின் கையுறைக்குள் இறங்கிவிடும். முன்பெல்லாம் பந்து மைதானத்தை ஒட்டியிருக்கிற அம்மாவின் கொட்டகைக் கூரையில் விழுந்தால் பெண்கள் வைவார்கள், இப்போது, என்ன மிட்சுயே, உம் மவன் எங்க கூரையை மறந்துட்டானா, ஒரு ஓட்டைகூட விழலயே என்று அம்மாவைச் சீண்டினார்களாம். அம்மா அங்கே சிரித்துவிட்டு வந்து வீட்டில் பாத்திரத்தை உருட்டினாள். பயிற்சியாளர் ஒனோதெரா ஐயா அவனைக் கூப்பிட்டு, டேய், இனிமே பெருசா வீசாத, பந்தை மட்டையில வாங்கி மெதுவா காலடியில தட்டி வை, பேஸ்ல நிக்கிறவன் ஓடட்டும் என்றார். அதுக்கு நான் எதுக்கு சார், ஒரு துடைப்பத்தை நிறுத்துனா போதுமே என்றானாம் இவன். அதற்காக மைதானத்தை முப்பது சுற்று ஓடினான்.

மே கடைசியில் ஒனோதெரா ஐயா பெற்றோர்களிடம் ஒரு செய்தி சொன்னார். தெற்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை, அவர்களுக்கென்று சொந்த அணி உண்டு, அங்கே ஆள் எடுக்கிற சுகவாரா என்பவர் ஜூன் முதல் ஞாயிறு எங்கள் பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று. வேலையும் ஆட்டமும் சேர்ந்து கிடைக்கிற ஒரே வாசல் அது, தவறவிட்டால் மார்ச்சில் பள்ளி முடிந்ததும் மட்டையைப் பரணில் போட்டுவிட்டுக் கணவாய் மீன் பிடிக்கிற படகில் ஏற வேண்டியதுதான். அன்றைக்குத் தைகா சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான். வந்து என்னத்தப் பாக்கப்போறாரு, நான் தட்டி வைக்கிறதையா என்றான்.

கண்ணு, செய்தது நான்தான். ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை அவனுடைய பழைய மட்டையைப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். மேல்பூச்சைத் தேய்த்தெடுத்து, புது மட்டையின் மங்கல் கறுப்பை அதேபோலக் கலந்து பூசினேன். சத்தம் காட்டிக்கொடுக்காமலிருக்க நுனி மூடியைக் கழற்றி, படகுப் பலகைக்குள் அடைக்கிற நுரையை உள்ளே அடைத்தேன். புது மட்டைக்கு ஒரு சின்ன முத்திரை உண்டு, அதைப் படகுப் பெயர் எழுதுகிற தூரிகையால் எழுதினேன். ஞாயிறு காலை அவன் பையிலிருந்து புதியதை எடுத்துவிட்டு இதை வைத்தேன், பிடிக்கு வேற பட்டை சுத்தியிருக்கேண்டா என்று மட்டும் சொன்னேன். பயிற்சி ஆட்டத்துக்கு மட்டையைச் சோதிக்க யாரும் வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு அடி, அதில் பையன் மனம் தேறிவிட்டால் மிச்சம் தானாக வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது பந்தை அடித்தான். சத்தம் டொக் என்றுதான் வந்தது, பந்து வேலியைத் தாண்டி, வலையைத் தாண்டி, கொட்டகைக் கூரையில் போய் விழுந்தது. உள்ளேயிருந்த பெண்கள் கத்தியோடு வெளியே ஓடிவந்து கை தட்டினார்கள். சுகவாரா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார். ஆறாவது சுற்றில் இன்னொன்று, அது அதையும்விடத் தூரம். ஆட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, புது மட்டையில இப்படி அடிக்கிற பையனை இந்த வருஷம் நான் எங்கயும் பாக்கலைங்க, எங்கிட்ட ஒரே இடம்தான் இருக்கு, மலைப் பக்கத்துப் பையன் ஒருத்தனைக் காத்திருக்கச் சொல்லியிருந்தேன், அவனுக்கு இல்லைன்னு சொல்லிடறேன் என்றார். நான் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினேன். குனிந்த தலையை நிமிர்த்தவே எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் தைகா நேரே வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்கு வந்தான். மட்டையை என் வேலைப்பலகை மேல் வைத்துவிட்டு, அப்பா, இதுல பெயிண்ட் வாசனை வருது என்றான். நான் தூரிகைகளை அடுக்க ஆரம்பித்தேன். மொத அடியிலயே கையில தெரிஞ்சுடுச்சுப்பா என்றான். அப்புறம் ஏண்டா ரெண்டாவது தடவையும் அதையே எடுத்த என்று நான் கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவன் முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டே, அந்த ஆளு எழுந்து நின்னுட்டாருப்பா என்றான். அவன் அந்த மட்டையை இரும்பு அறுக்கிற வாளால் மூன்று துண்டாக அறுத்தான், நான் பிடித்துக்கொண்டேன்.

உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் கிளம்பினோம், வாசலில் அவனே நின்றான். உனக்குத்தான் தெரியுமே, ஒருத்தன் தப்புச் செய்தால் மொத்த அணியும் போட்டியிலிருந்து விலகுகிற வழக்கம். முந்தின வருஷம் வடக்குத்துறைப் பள்ளியில் ஒரு பையன் சிகரெட் பிடித்ததற்காகப் பதினாறு பேரும் கோடை முழுக்க வீட்டில் உட்கார்ந்தார்கள். சுகவாராவிடம் சொன்னால் அவர் ஒனோதெரா ஐயாவிடம் கேட்பார், ஒனோதெரா ஐயா மறைக்கத் தெரியாத மனுஷன், அன்றைக்கே மேலே சங்கத்துக்கு எழுதிப்போடுவார். தைகா சொன்னான், பதிமூணு பேருப்பா, அஞ்சு பேருக்கு இதுதான் கடைசிக் கோடை, நம்ம ஸ்கூலு எப்பவும் மொத ஆட்டத்துலயே தோத்துடும், தோத்த அன்னிக்கே ரெண்டு பேரும் ரயிலேறிப் போய் அவருகிட்ட சொல்லிடலாம். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு தடவை தோற்றாலே வெளியேற வேண்டிய கோடைப் போட்டி, பதினோரு வருஷமாக அதில் முதல் ஆட்டத்தைத் தாண்டாத பள்ளி, மூன்று நான்கு வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் முடிந்தது என்று நினைத்தோம்.

ஜெயிக்கிறார்கள் கசுமி. அந்தப் புது மட்டையால்தான். பெரிய பள்ளிக்காரர்கள் பழைய பழக்கத்தில் ஓங்கி வீசுகிறார்கள், பந்து வேலிக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறது, நம் பையன்கள் ஒனோதெரா ஐயா சொன்னபடி தட்டி வைத்துவிட்டு ஓடி ஓடி ஒவ்வொரு ஓட்டமாகச் சேர்க்கிறார்கள். முதல் ஆட்டம் இரண்டுக்கு ஒன்று, அடுத்தது ஒன்றுக்குப் பூஜ்யம், நேற்று மூன்றுக்கு இரண்டு. தைகா வீசுவதையே விட்டுவிட்டான், எப்போதும் தட்டித்தான் வைக்கிறான். சுகவாரா மூன்று ஆட்டத்துக்கும், போட்டி நடக்கிற மொரியோக்கா நகரத்துக்கே வந்துவிட்டார். நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து, பாத்தீங்களா, வேலி தாண்டி அடிக்கக் கூடியவன் அணிக்காக எப்படி அடங்கி ஆடுறான், இந்த மனசு யாருக்கு வரும் என்று கண் கலங்கினார். மலைப் பக்கத்துப் பையன் பாவம், ஒரு மரக்கடையில வேலை கேட்டிருக்கானாம், இந்த மாசக் கடைசிக்குள்ள அங்கே சரின்னு சொல்லணுமாம் என்றும் சொன்னார். மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

ஊரெல்லாம் கொண்டாட்டம். மீன் ஏலக்கூடத்தை மூடிவிட்டு இரண்டு பேருந்து பிடித்து வருகிறார்கள், அம்மா அதிகாலையிலேயே பதிமூன்று பேருக்கும் சோற்று உருண்டை பிடிக்கிறாள். ஆட்டத்தில் நான் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஹதகேயாமா என் முதுகில் தட்டி, கும்பிடுய்யா கும்பிடு, உன் கும்பிடுலதான் ஜெயிக்கிறோம் என்கிறான். நான் எதற்குக் கும்பிடுகிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது. நம் அணியில் பந்து எறிகிற பையனுக்கு விரலில் தோல் கிழிந்திருக்கிறது, அதைப் பார்த்து ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது. வந்ததும் எனக்கே என்னைப் பார்க்கக் கூசியது. அந்தப் பையன் பிறந்த அன்று முதலில் வந்து தூக்கியவர்களில் நானும் ஒருத்தன்.

நாளைக்கு நான்காவது ஆட்டம். சற்று முன்பு தைகா கூடத்தில் உட்கார்ந்து காலணியின் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, தலையைத் தூக்காமலே, நாளைக்கு நீ யாருக்குப்பா கை தட்டுவ என்று கேட்டான். நீ யாருக்குடா ஆடுவ என்று கேட்டேன். நான் நல்லாத்தாம்ப்பா ஆடுவேன், அவனுங்க முகத்தைப் பாத்துக்கிட்டு எனக்கு வேற மாதிரி ஆட வராது என்றான். அவன் அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை, எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறவள், காலை உலர்த்திவிட்டுப் படு. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்த அப்பா தினமும் வேண்டிக்கொள்கிறேன், அந்த வேண்டுதலில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை. ஒன்றை மறந்துவிடாதே. ஜெயித்துவிட்டார்கள் என்று அம்மா தொலைபேசியில் சொன்னால் தைகாவை வாழ்த்தி எதுவும் அனுப்பாதே. தோற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே அவனைக் கூப்பிடு. நாங்கள் ரயிலில் இருப்போம்.

உன் அப்பா
கியோத்தக்கா