மணிமொழிக்குச் சொல்லிவிட்டேன்

பட்டினப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகன் அசோகனுக்கு உன் நைனா எழுதுவது. நானும் குழந்தை மணிமொழியும் உடம்பளவில் சுகம்தான், நீயும் அந்தக் குவைத் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று முண்டகக்கண்ணி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மற்ற சுகத்தைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கிழவனுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் குழந்தை பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் இல்லாத நேரம் பார்த்துப் பேசினால் கயல் பேச்சை எடுத்ததுமே நீ லைனை வைத்துவிடுகிறாய். கணேசமூர்த்தி செவ்வாய்க்கிழமை லீவு முடிந்து உங்கள் கேம்புக்கே திரும்புகிறான் என்பதால் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது, கடைசி வரை படி. ஸ்கூல் பியூனாக முப்பது வருஷம் மணி அடித்தவன் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிமொழிக்குச் சொல்லிவிட்டேன். நீ பொங்கலுக்கு வரும்வரை சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய், அதை மீறிவிட்டேன். கோபப்படுவதென்றால் படு, ஆனால் ஏன் மீறினேன் என்று தெரிந்துகொண்டு படு.

ஆடி மாசம் கயல் மூன்று நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போய் நாலாம் நாள் ஐஸ் பெட்டியில் வந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. என் சினேகிதன் லாரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்த போனில்தான் நீ அவள் முகத்தைப் பார்த்தாய். உனக்குப் பதிலாக மாமனார் நான் கொள்ளி வைத்தேன், எந்த மாமனாருக்கும் அந்த வேலை வரக்கூடாது. அன்றைக்கே நீ சொன்னாய், பாப்பா தாங்காது நைனா, அம்மாவுக்கு அவசரமா விசா வந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரா குவைத்துக்கு வந்துட்டா, இங்க பொம்பளைங்க கேம்புல தங்கியிருக்கான்னு சொல்லிடு என்று. நானும் தலையாட்டினேன். குழந்தை அப்போது பின் பிளாக்கில் அஸ்மத்துன்னிசா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நான் செய்ததையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. பிளாக்கில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன். பதினாறாம் நாள் காரியத்தை அவள் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் முடித்தேன். சாயங்காலம் வந்தவள் வடை பாயசத்தைப் பார்த்துவிட்டு இன்னைக்கு இன்னா விசேஷம் தாத்தா என்று கேட்டாள், எனக்குப் பிறந்தநாள் என்றேன். அவள் எனக்குப் பாட்டுப் பாடி, கை தட்டி, அவள் அம்மாவின் காரியத்துப் பாயசத்தை இரண்டு டம்ளர் குடித்தாள்.

பிறகு கயலின் குரல். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை நேரத்தில் போன் பேச விடமாட்டார்கள் என்பதால் டீ குடிக்கிற நேரத்தில் அவள் பேசிப் பேசி அனுப்புவாளே, என் போனில் இருந்த அதையெல்லாம் வெள்ளிக்கு ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். சாப்ட்டியா கண்ணு, தாத்தாகிட்ட அடம் புடிக்காத என்று கயல் சொல்வாள், குழந்தை போனுக்குத் தலையாட்டுவாள். என்னிடம் இருந்தது தீர்ந்ததும் நீ உன் போனில் இருந்ததை அனுப்ப ஆரம்பித்தாய். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி அனுப்பினாயே, நான் சாப்ட்டேன், நீங்க சாப்ட்டீங்களா, வெயில்ல சுத்தாதீங்க என்று ஒன்று, அதை நீ முழுசாகக் கேட்காமல் அனுப்பியிருப்பாய். கேட்கத் தாங்கியிருக்காது என்று எனக்குத் தெரியும், அதனால் உன்மேல் குறை சொல்லவில்லை. கடைசியில் கயல் பேசி முடித்த பிறகு பின்னால் ஒரு குழந்தை கத்துகிறது. அம்மா, என் பென்சில் டப்பா எங்க என்று.

மணிமொழி அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, போன் சூடாகிவிட்டது. தாத்தா, இது நானு, இது போன வருஷத்து டப்பா, அப்போ எனக்கு முன்பல்லு இருந்துச்சு என்றாள். நான் இருமினேன். இருமினால் பேச வேண்டாமே. அவள் அப்படியே போய்ப் படுத்துக்கொண்டாள், அதோடு விட்டது என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை பார்க்கிறேன், பீரோவைத் திறந்து புடவைகளுக்குப் பின்னால் கை விடுகிறாள், கட்டிலுக்கு அடியில் குனிகிறாள். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்தாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மத்தியானம் பின் பிளாக்குக்குப் போய் அஸ்மத்துன்னிசாவிடம், நானிம்மா, எங்கம்மாவ எங்க ஒளிச்சு வெச்சுகினு கீற, அம்மாவுக்கு எம்மேல கோவமா, நான் சட்னி வாணாம்னு தட்டைத் தள்ளுனதுக்கா, இனிமே சாப்டுவேன்னு சொல்லு என்று கேட்டிருக்கிறாள்.

கேட்டுக்கொண்டாயா அசோகா. அவள் தாங்கமாட்டாள் என்றுதானே நாம் மறைத்தோம். நாம் மறைத்ததில் அவள் என்ன கண்டுபிடித்தாள் பார், அம்மா இதே ஊரில்தான் இருக்கிறாள், வேண்டுமென்றே என்னைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாள் என்று. இதற்கு மேலே ஒரு பிள்ளைக்கு என்ன கஷ்டத்தைக் கொடுக்க முடியும்.

அஸ்மத்துன்னிசா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாள். குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டுப் பேசினாள், அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அண்ணே, எம்புள்ள எட்டு வயசுல அவங்கத்தா குழியில அவன் கையாலயே மூணு புடி மண்ணு போட்டான், அன்னைக்கு அழுதான், ராவெல்லாம் அழுதான், ஆனா அத்தா எங்கன்னு ஒரு நாளும் என்னைக் கேட்டதில்ல, நாளைக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன் என்றாள். லாரன்ஸிடம் போனேன். அவன் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவர்த்தி வைக்கிறவன். அந்தப் பிள்ளைகள் கல்லறை மேலேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்னும். எப்படிச் சொல்றது லாரன்ஸு என்றேன். போச்சுன்னு சொல்லாத, போச்சுன்னா எப்ப வரும்னு கேக்கும், தூங்குதுன்னு சொல்லாத, அப்புறம் அது தூங்க பயப்படும், செத்துட்டான்னே சொல்லு, நீ அழுதா அழு, அதுக்கு முன்னால வீரன் வேஷம் போடாத என்றான். நமக்குக் காட்ட ஒரு கல்லறையும் இல்லையே என்றேன். கடல் கீதே என்றான்.

போன ஞாயிறு காலை அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். கயலின் சாம்பலைக் கரைத்த இடத்தில் உட்கார வைத்து, கண்ணு, அம்மா குவைத்துல இல்ல, அம்மா காய்ச்சல்ல செத்துப்போச்சு, தாத்தா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன், நீ சட்னி வாணாம்னதுக்கும் அதுக்கும் ஒண்ணும் கிடையாது, அம்மாவுக்கு உம்மேல கோவமே இல்ல என்றேன். அவள் அழவில்லை. மணலைத் தோண்டிக்கொண்டே கேட்டாள். ஊசி போட்டாங்களா, எரிக்கும்போது சுட்டுச்சா, எல்லாரும் அழுதாங்களா, நான் அப்ப எங்க இருந்தேன். செத்தவங்களுக்குச் சுடாது, எல்லாரும் அழுதோம், நீ நானிம்மா வீட்டுல இருந்த என்றேன். அப்புறம், மேளம் கேட்டுச்சு தாத்தா, நானிம்மா சன்னலைச் சாத்திடுச்சு, சாத்தியும் கேட்டுச்சு, நான் டான்ஸ் ஆடினேன், அது அம்மாவுக்கு அடிச்ச மேளமா என்று கேட்டாள்.

சின்ன வயசு சாவு என்பதால் அன்றைக்கு மேளம் அடித்ததோடு சரி, நம் ஆட்கள் ஒருத்தரும் ஆடவில்லை. கயலுக்கு ஆடியது அவள் ஒருத்திதான்.

பொய் சொல்லி வைத்தவனுக்கு உண்மை சுலபத்தில் வாயில் வராது. ஆமாம் கண்ணு, அம்மாவுக்குத்தான், நம்ம ஜனங்க ஆடித்தான் அனுப்புவாங்க, உங்கம்மாவ நீ ஆடி அனுப்பிச்ச, அதுல தப்பே இல்ல என்றேன். சொன்னது சரியா தப்பா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்போதுதான் அவள் அழுதாள். என் சட்டையைக் கடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், நண்டு பிடிக்க வந்த பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தன, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அழுது முடித்ததும் மத்தவங்கல்லாம் அம்மாவுக்கு இன்னா பண்ணாங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளிப்பாட்டினார்கள், புதுப் புடவை கட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள் என்றேன். அது இன்னாது என்றாள். அம்மா வழியில் பசிக்காமல் போகட்டும் என்று ஆளுக்கு ஒரு பிடி அரிசி வாயில் போடுவது என்று விளக்கினேன். எனக்கு வெச்சிருந்தீங்களா என்று கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். வீட்டுக்கு ஓடிப்போய் டப்பாவிலிருந்து இரண்டு கையிலும் அரிசி அள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். நான் பின்னாலேயே போய்ப் பின்னாலேயே வந்தேன். ஒரு கை அரிசியை அலையில் போட்டாள். இன்னொரு கையைத் திறக்கவே இல்லை, மூடியபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இனி எழுதுவதற்காகத்தான் இந்தக் கடிதமே. முந்தாநாள் வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய். அம்மா எப்டி கீறாங்கப்பா என்று அவள் கேட்டாள். நல்லா கீறாம்மா, டூட்டிக்குப் போயிருக்கா என்று நீ சொன்னாய். சரிப்பா, நான் கேட்டேன்னு சொல்லு என்று சிரித்துக்கொண்டே பேசிவிட்டு வைத்தாள். ஏன் கண்ணு அப்படிக் கேட்டே என்றேன். அப்பாவுக்குத் தெரியாதுல்ல தாத்தா, அம்மா அங்க பொம்பளைங்க கேம்புல கீதுன்னு நெனைச்சுகினு கீது, தனியா கீது பாவம், நீ சொல்லிடாத, அங்க அழுதா யாரு புடிச்சுப்பாங்க, பொங்கலுக்கு வரட்டும், நானே மெதுவா சொல்றேன் என்றாள். ஏழு வயசுப் பிள்ளை அசோகா. நாம் அவளுக்குச் செய்ததை அவள் உனக்குச் செய்துகொண்டிருக்கிறாள். இல்லை கண்ணு, அவனுக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்துமா அப்பா என்னிடம் பொய் சொன்னது என்று கேட்டுவிடுவாள் என்று பயந்து மென்று முழுங்கிவிட்டேன். அதை நீதான் அவளிடம் சொல்ல வேண்டும், நான் சொல்லித் தீராது.

இதெல்லாம் நீ யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா ஜானகி போன அன்று உன்னை லாரன்ஸோடு பீச்சுக்கு அனுப்பி ராட்டினம் ஏற்றச் சொன்னவன் நான்தான். திரும்பி வந்து நீ வீடெல்லாம் தேடினாய். ஊருக்குப் போயிருக்கா என்றேன். அதற்கப்புறம் நீ ராட்டினமே ஏறியதில்லை, ஏன் என்று நானும் கேட்டதில்லை. இந்த வயசில் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு.

வருகிற வெள்ளிக்கிழமையும் அவள் கேட்பாள். நல்லா கீறா என்று சொல்லாதே. எனக்கும் தெரியும் கண்ணு என்று சொல்லு. அழுகை வந்தால் அவள் காதில் விழும்படியே அழு, அவள் அங்கே உன்னைப் பிடித்துக்கொள்ள முடியாது என்றாலும் கேட்டுக்கொண்டாவது இருப்பாள். கயலின் குரல் எத்தனை இருந்தாலும் அழித்துவிடாதே, ஆனால் இனிமேல் பழசு என்று சொல்லியே அனுப்பு. கணேசமூர்த்தியிடம் குழம்புப் பொடியும் உன் முட்டிக்குத் தைலமும் கொடுத்திருக்கிறேன், இரண்டையும் ஒரே பையில் வைக்காதே. அஸ்மத்துன்னிசாவும் லாரன்ஸும் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள். அம்மன் துணையாக இருப்பாள், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், உன் பிள்ளைக்கு நீ இருக்கணும்.

பொங்கலுக்கு எப்படியாவது வந்துவிடு. அவள் கைக்குள் மூடிக் கொண்டுவந்த அரிசி பழைய பென்சில் டப்பாவில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. என்னைத் தொட விடுவதில்லை. அது அப்பாவோட பிடியாம்.

இப்படிக்கு,
உன் நைனா,
அம்மாசி