குறட்டை குறித்து என் ஆட்சேபனை

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பிரியாணி உண்ணும் வேளையில், என் மைத்துனன் டிரேவர் தன் கைபேசியை மேசைமேல் நிறுத்தி, என் எட்டு வயது மகள் பிரிஸில்லாவின் குறட்டையை அனைவருக்கும் ஒலிபரப்பினான். சென்ற வாரம் அவள் அவன் வீட்டில் தங்கியபோது பதிவு செய்தானாம்.

“ஃப்ளைஓவர்ல லாரி ஏறுற மாதிரி இல்ல, மச்சான்?”

எல்லோரும் சிரித்தார்கள். பிரிஸில்லாவும் சிரித்தாள். அதன் பிறகு தட்டிலிருந்த கோழிக்காலை அவள் தொடவேயில்லை.

என் மௌனத்தை அவன் ரசனை என்று எடுத்துக்கொண்டான்.

ஜூன் 16, திங்கள்

பிரிஸில்லா ஆகஸ்டில் வகுப்போடு மைசூருக்குப் போய் ஓரிரவு தங்க வேண்டியவள். இன்று காலை, “நான் போகல டாடி,” என்றாள். ஏன்? “எல்லாரும் ஒரே ரூம்ல தூங்கணுமாம்.”

அந்தப் பதிவை உடனே அழிக்குமாறு டிரேவருக்கு எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கட்டைவிரல் எப்போதிலிருந்து பதிலாயிற்று?

ஜூன் 18, புதன்

எங்களோடு வசிக்கும் என் அக்கா ஐரினுக்குக் குறட்டை ஒரு குடும்பப் பெருமை. “நம்ம அப்பா மாதிரியே. அசந்து தூங்குற புள்ளைக்குத்தான் கொறட்ட வரும், தம்பி.”

அசந்து தூங்குகிற பிள்ளை கணக்கு வகுப்பிலும் ஏன் தூங்குகிறது என்று கேட்டேன். அதற்கும் அவளிடம் மருந்து இருந்தது. நானும் மனைவியும் மகளும் உறங்கும் அறையில் மாலையில் சாம்பிராணி போடுகிறாள். மூக்கடைப்புக்கு நல்லதாம். பக்தி என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன், ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்காமல் இருக்க முடியுமா? குழந்தைகளின் குறட்டைக்குக் காரணங்கள் பல. உடல் பருமன் — இவள் ஒட்டடைக்குச்சி. ஒவ்வாமை — தும்முகிறாள்தான். பெங்களூரில் தும்மாதவர் யார்? வீட்டுக்குள் புகை — எங்கள் பரம்பரையில் சிகரெட்டைத் தொட்டவர் எவருமில்லை.

‘பெற்றோருக்குக் குறட்டை இருத்தல்’ என்ற வரியை மட்டும் என் மனைவி மௌரீன் என் தோளுக்குமேல் எட்டிப்பார்த்து இருமுறை உரக்கப் படித்தாள்.

நான் குறட்டை விடுவதில்லை. ஆழமாக மூச்சு விடுகிறேன்.

ஜூன் 25, புதன்

குறட்டை கூடியிருக்கிறது. சாம்பிராணியும்.

ஜூன் 28, சனி

காது மூக்கு தொண்டை நிபுணர் வித்யாலட்சுமியைப் பார்த்தோம்.

“வீட்ல புகை ஏதாவது உண்டா, சார்?”

எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கமே கிடையாது என்று, தேவைக்குச் சற்று அதிகமான கம்பீரத்துடன் தெரிவித்தேன். நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த பிரிஸில்லா, “அத்தை டெய்லி சாம்பிராணி போடுவாங்க டாக்டர். கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு. கண்ணு எரியும்,” என்றாள்.

மருத்துவரின் பேனா நின்றது.

மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது. ஒவ்வாமையால் வீக்கம், புகை அதைக் கூட்டியிருக்கிறது. மூக்கில் அடிக்க ஸ்ப்ரே. ஆறு வாரத்தில் குறையாவிட்டால் ஆபரேஷன்.

“சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்ல சார் இது. ராத்திரி மூச்சு சரியா கிடைக்கல, அதான் பகல்ல தூங்குறா.”

சிரித்தவர்களின் பெயர்களைத் தர ஆயத்தமாக இருந்தேன். அவர் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்: “உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது கொறட்ட உண்டா?”

மௌரீன் கூரையைப் பார்த்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

அக்காவிடம் பேச நான்கு வாக்கியங்களைச் செதுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அவளே அழுதுவிட்டாள். “கொறட்ட ஜாஸ்தியாக ஜாஸ்தியாக நானும் ஜாஸ்தியா போட்டேன், தம்பி. போய்டும்னு நெனச்சேன்.”

வாக்கியங்கள் வீணாயின. தூபக்கால் மொட்டைமாடிக்குப் போயிற்று. இனி காகங்களுக்கு மூக்கடைப்பு வராது.

ஜூலை 13, ஞாயிறு

டிரேவர் வந்தான். வாசலிலேயே, “எங்க நம்ம லாரி?” என்றான்.

பிரிஸில்லா என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள். நான் — எழுதவே கூச்சமாக இருக்கிறது — “டேய், அவ மூச்சு கிடைக்காம திணறிட்டுக் கெடந்திருக்கா. நீ பக்கத்துல ஒக்காந்து ரெக்கார்ட் பண்ணிருக்க,” என்றேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிறகு அவன் மண்டியிட்டு, கைபேசியை அவளிடமே கொடுத்தான். “நீயே டெலீட் பண்ணு, குட்டி. மாமா முட்டாளு.”

அவள் அழித்தாள். “ஆமா மாமா,” என்றும் சொன்னாள்.

ஆகஸ்ட் 9, சனி

வீக்கம் குறைந்திருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை. ஸ்ப்ரே தொடர வேண்டும். மைசூருக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அவளே கொடுத்துவிட்டாளாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பேருந்து புறப்பட்டது. ஒரே ஒருமுறை கையசைத்தாள். போதாது.

ஆகஸ்ட் 23, சனி

திரும்பி வந்ததும் அரண்மனை, யானை, தோழியின் வாந்தி என்று மூச்சுவிடாமல் சொன்னாள். வாயை மூடினால் மூக்கால் மூச்சுவிடுகிறாள். கவனித்தேன்.

“நல்லா தூங்கினியாம்மா?”

“சூப்பரா தூங்கினேன் டாடி. அங்க உங்க சவுண்டே இல்ல.”

மௌரீன் அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். அவள் தோள்கள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

வித்யாலட்சுமியிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். இம்முறை என் பெயரில். டிரேவருக்குத் தெரிய வேண்டியதில்லை.