கரியரில் நெல் மூடை

பெப். 10
பனி விட்டுவிட்டது. ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. சைக்கிளைக் கழுவி வெளியே எடுத்தேன். வாங்க வேண்டியது: பின் ரியூப், பிரேக் கட்டை, என் முழங்காலுக்கு எண்ணெய்.

வைகாசிப் பொங்கலுக்குக் கமலத்தைக் கரியரில் ஏற்றிக்கொண்டு அம்மன் கோவிலுக்குப் போகவேண்டும். கலியாணம் கட்டிய வருடத்திலிருந்து அப்படித்தான், இடம்பெயர்ந்திருந்த வருடங்கள் தவிர. மகள் நெளுக்குளத்திலிருந்து போனில்: "அப்பா, உங்கட காலுக்கு உது சரிவராது. அம்மாவை ஓட்டோவில கூட்டிக்கொண்டு போங்கோ."

கமலம் கேட்டுக்கொண்டு கிடந்தாள். "ஓட்டோவில போறது வருத்தக்காரர்." வயிற்றில் கட்டியோடு கிடப்பவள் சொல்கிற கதை!

இனி மருந்தில்லை, நோவுக்கு மட்டும்தான் குளிசை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெப். 13
பின்னால் ஆள் இருந்தால் காலைப் பின்பக்கம் வீசி ஏற ஏலாது. முன்பார்க் கம்பிக்கு மேலால் தூக்கிப் போடவேண்டும். அங்கேதான் சிக்கல். முழங்கால் மரக்கட்டை மாதிரி, மடங்காது. இரண்டு தரம் சைக்கிளோடு வேலியில் சாய்ந்தேன். பக்கத்து வீட்டு ராசன், "அண்ணை, என்ன சர்க்கஸோ?" முறைத்தேன்.

பெப். 16
கிளினிக் தராசில் கமலத்தின் நிறை எவ்வளவோ அவ்வளவு நெல்லைச் சாக்கில் கட்டிக் கரியரில் ஏற்றினேன். குளக்கட்டு வரை. மூச்சு வாங்கிவிட்டது. திரும்பும்போது இறங்கி உருட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலில் கதிரையில் இருந்தாள். "நானெண்டால் எப்பவோ இறங்கி நடந்து வந்திருப்பன்." சிரித்தாள். பிறகு நெடுநேரம் இருமல்.

மார்ச் 3
கால் முன்பாரைத் தாண்டியது! இரண்டாம் தரமும். கோவில் திருப்பம் வரை நிற்காமல் மிதித்தேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு இப்படி வியர்வை.

பகல் பஸ்ஸில் வவுனியா, கிளினிக். தராசில் அவள் குறைந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சாக்கை அவிழ்த்து நெல்லை அள்ளிக் குறைத்தேன். கோழிகளுக்குப் போட்டேன்.

மார்ச் 17
நேற்றும் கிளினிக். இன்றும் சாக்கை அவிழ்த்தேன்.

முந்திய தூரம்தான், மூச்சே வாங்கவில்லை. ராசன்: "அண்ணை இப்ப பெடியன் மாதிரியெல்லோ ஓடுறியள்." எனக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைக்கிறான். நினைக்கட்டும். கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். நெல்லை அள்ளும்போது அவளையே அள்ளி எறிகிற மாதிரி இருக்கிறது.

மழை இல்லை. கிணறு வற்றுகிறது.

மார்ச் 24
பின்னேரம் கஞ்சி பருக்கினேன். இரண்டு கரண்டி. போதும் என்றாள்.

"இஞ்சேருங்கோ, மூடையில இப்ப எவ்வளவு நெல்லு?"

"அப்பிடியேதான் இருக்கு."

"பொய். கோழியள் கொழுத்துப்போய்த் திரியுதுகள்."

கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அவள் விடவில்லை. "வைகாசி வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க ஏலாதப்பா. நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ."

மார்ச் 25
போனோம். வெயில் ஏறமுன், வெள்ளன. கரியரில் தலையணை கட்டினேன். ராசன் அவளைத் தூக்கி இருத்தினான். பொங்கலுக்கெண்டு வைத்திருந்த நீலச் சேலை. கால் ஒரே தூக்கில் முன்பாரைத் தாண்டியது.

என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருந்தும் பின்னால் பாரமே தெரியவில்லை. பயம் பிடித்துவிட்டது.

"இருக்கிறியோ?"

"இருக்கிறன்."

மதகு தாண்டி மறுபடியும், "கமலம், இருக்கிறியோ?"

"இனிக் கேட்டால் குதிச்சிடுவன். ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

கோவிலில் சனமில்லை, கடைகளில்லை. வாசலில் கற்பூரம் கொளுத்தினோம். அவள் என் தோளைப் பிடித்தபடி கனநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்ன கும்பிட்டாய் என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"உங்கட முழங்கால் நோகக்கூடாதெண்டு."

ஏப். 11
வெயில் கொதிக்கிறது. கமலம் போய் எட்டாம் நாள். இரவு அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும். மகள் குசினிக்குள் நின்று சொல்லச் சொல்லக் குறித்தேன். மீன், கத்தரிக்காய், முருங்கைக்காய், முட்டை, தோடம்பழம்.

கடைக்குப் போகச் சைக்கிளை எடுத்தேன். கரியரில் ஒன்றுமில்லை. பின்பக்கமாகக் காலை வீசியே ஏறியிருக்கலாம். கால் முன்பாருக்கு மேலால்தான் போனது.

முழங்கால் கொஞ்சமும் நோகவில்லை.