பாட்டில் விட்ட நாலு தட்டு

சிடி உறையைப் பிரித்ததும் புது அச்சு மையின் வாசனை குப்பென்று அடித்தது. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. நம் நாடகத்துக்கு எப்போதும் மண்ணெண்ணெய் வாசனையும் அரிதார வாசனையும்தான். இவ்வளவு பளபளப்பாக அது ஒரு உறைக்குள் வந்து சேர்ந்தால், உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பின்பக்கம் திருப்பினேன். "பாட்டும் மெட்டும் சொல்லிக்கொடுத்தவர்" என்று பொடி எழுத்தில் போட்டு உன் பெயர். அதற்கு முன்னால் "மறைந்த". அந்தச் சொல்லைப் பார்த்ததும் சிடியை மேசையில் கவிழ்த்து வைத்தவள், சாயங்காலம் வரைக்கும் அதைத் தொடவில்லை.

தஞ்சாவூரில் ஒரு கலை அமைப்பு இருக்கிறது. பழைய மேடை நாடகங்களைத் திரும்பப் போட்டு, நடிகர்களே பாடிப் பதிவு செய்கிற குழுக்களுக்குப் பரிசு கொடுக்கிறார்களாம். மூன்று நடுவர்களில் ஒருத்தியாக என்னைக் கூப்பிட்டார்கள். வந்த பதிவுகளில் ஒன்று நம்முடைய நாடகம் என்று தெரிந்ததும், நானே அதில் நடித்தவள், என்னை விட்டுவிடுங்கள் என்றேன். "அதனாலதான் மேடம் உங்களக் கேக்குறோம்" என்றார் அமைப்பாளர். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

"சோத்துல உப்பு சரியா இருந்தாக்கூட, இத யாருடி போட்டான்னு கேக்குற ஆளு நீ" என்று என்னைக் கேலி செய்வாய். மன்னார்குடியில் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து, விடுதியில் ஒரே அறையில் பாய் விரித்த முதல் வாரமே என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். நான் பண்ணை வீட்டுப் பெண். நீ நீடாமங்கலத்துப் பக்கம் நடவு நட்டுப் பிழைத்த அம்மாவின் மகள். உன் தகரப் பெட்டிக்குப் பூட்டே கிடையாது. நான் என் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்குவேன்.

கட்சியின் நாடகக் குழுவில் முதலில் நீ சேர்ந்தாய், உன் பின்னாலேயே நான். ஆட்சி மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வயல்களில் கூலிச் சண்டை முற்றிக் கிடந்தது. ஒரு ஊரில் அறுவடைக்கு ஆள் இறங்க மாட்டார்கள். அடுத்த ஊரில் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து, போலீஸ் காவலோடு அறுப்பார்கள். அதையே கதையாக்கி, பேச்சைக் குறைத்துப் பாட்டைக் கூட்டி, ஊர் ஊராகக் களத்துமேட்டில் போட்டோம். நீ அறுப்புக்காரி. நான் பண்ணையாரின் மனைவி. ஜரிகைப் புடவை கட்டிக்கொண்டு, கூலி அளக்கிற மரக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்பேன். வசனம் அதிகம் இல்லை, முறைத்தால் போதும். "அது ஒனக்கு நடிப்பே இல்லடி" என்பாய்.

எல்லாரும் காத்திருந்தது உன் ஒரு பாட்டுக்குத்தான்.

"அறுத்த கதிரு எங்க போச்சு,
அளந்த நெல்லு எங்க போச்சு,
கொண்டு போனது யாரு, யாரு?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வாய். ஆர்மோனியம் நின்றுவிடும். டோலக் மட்டும் நாலு தட்டு தட்டும். அந்த நாலு தட்டுக்குள் கூட்டம் தன் ஊர்ப் பண்ணையாரின் பெயரைச் சொல்லிக் கத்தும். உடனே நீ இரண்டு கையையும் விரித்து, "சொன்னது நான் இல்ல, சொன்னது ஊரு!" என்று அடுத்த அடியைப் பிடிப்பாய். களமே சிரிக்கும். மறுநாள் பண்ணையார் புகார் கொடுக்கப் போனாலும் ஒன்றும் நடக்காது. நாடகக்காரர்கள் யார் பெயரைச் சொன்னார்கள்? கூட்டம் கூச்சப்பட்டுத் தயங்கினால், கையைக் காதில் வைத்து, அந்த அடியைத் திரும்பப் பாடுவாய். பெயர் வந்து விழுகிறவரை விடமாட்டாய். யார் யார் பெயரோ விழும்போது, ஓரத்தில் மரக்காலோடு நின்ற எனக்கும் குஷியாகத்தான் இருக்கும்.

அப்புறம் எங்கள் ஊருக்குத் தேதி கொடுத்தார்கள்.

என் அப்பாவை உனக்குத் தெரியும். ஆட்சி மாறிய வாரமே தோளில் கிடந்த துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர். மகள் கட்சிக்காரர்களோடு மேடை ஏறுவது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. எங்கள் வீட்டுப் பத்தாயத்துக்குப் பக்கத்தில் இரண்டு மரக்கால் இருக்கும். நெல்லை அளந்து வாங்கப் பெரியது ஒன்று, கூலி அளக்கச் சின்னது ஒன்று. ஏன் இரண்டு என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. நாடகத்தில் மரக்காலைக் கையில் வாங்கிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்த் தேதி தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் நாடகம் ஆரம்பித்தது. அப்பா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு வந்தது. யாரு, யாரு என்று நிறுத்தினாய். டோலக் தட்டியது. ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. நீ காதில் கை வைக்கவில்லை, அடியைத் திரும்பப் பாடவில்லை. நாலாவது தட்டு முடிவதற்கு முன்பே தலையைக் குனிந்தபடி "சொன்னது நான் இல்ல" என்று எடுத்துவிட்டாய். ஒரு நாளும் தாளத்தை முந்தாதவள் நீ. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

முடிந்ததும் அப்பா மேடையேறி எல்லாருக்கும் துண்டு போர்த்தினார். வீட்டுக்குப் போகும்போது, "பாத்தியாம்மா, ஒருத்தன் வாயத் தொறக்கல. நம்ம கையி அப்படி" என்றார். நான் விடுதிக்குத் திரும்பியதும் உன்னைக் கேட்டேன். "எங்க ஊர்ல ஏன் யாரும் சொல்லல? நீ ஏதாவது செஞ்சியா?" தலையைப் பின்னிக்கொண்டே, "அது அவங்க வாயி. சொல்லல. அதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு பக்கம் உன்னைச் சந்தேகப்பட்டாலும், இன்னொரு பக்கம் அந்த அமைதியைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டேன். யார் எது சொன்னாலும், அத்தனை பேர் கூடிய இடத்தில் எங்கள் ஊர் என் அப்பாவைச் சொல்லவில்லை. அவரிடம் ஏதோ கொஞ்சம் நல்லது இருந்திருக்கிறது, அது நமக்குத்தான் தெரியவில்லை என்று சமாதானம் செய்துகொள்வேன். அவர் இறந்தபோது வந்து போனவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித்தான் அழுதேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

சிடி வந்த அன்று சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு அதை ஓடவிட்டேன். நடுவராகக் கேட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். உன் பாட்டுகளைப் பாடுகிற பெண்ணுக்கு நல்ல சாரீரம், சுருதி துளி விலகவில்லை. ஆனால் நாளெல்லாம் குனிந்து அறுத்தவளுக்கு மூச்சு வாங்க வேண்டாமா? இவள் ஏசி அறையில் நின்று பாடுகிறாள். பண்ணையாரின் கோணங்கிப் பாட்டில் கீபோர்டை வைத்துக் கெடுத்திருந்தார்கள். நடவுப் பாட்டில் புல்லாங்குழல் தேவையே இல்லாமல் கொஞ்சியது. குலவை மட்டும் அசல். அந்த நாலு தட்டு இடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்பதையும் நானே முடிவு கட்டிவிட்டேன். ஸ்டூடியோவில் நாலு பிள்ளைகளை நிற்கவைத்து ஏதாவது கத்தச் சொல்லியிருப்பார்கள்.

யாரு, யாரு என்று அந்தப் பெண் நிறுத்தினாள். டோலக் தட்டியது.

"சபாபதி!"

ஒரு களமே கத்தியது. கிழவிகள் குரல், ஆண்கள் குரல், யாரோ ஒருத்தர் தொண்டை கிழிகிற மாதிரி. பிளேயரை நிறுத்திவிட்டேன். நாடகத்தில் பண்ணையாருக்குப் பெயரே கிடையாதே. அது என் அப்பாவின் பெயர். ஊரில் அவரை ஆண்டே என்பார்கள், பண்ணையாரே என்பார்கள். வெறும் பெயராக அதை அந்த வாய்களில் நான் கேட்டதே இல்லை.

எனக்காகவே யாரோ திட்டம் போட்டு வைத்த கண்ணி இது என்று தோன்றியது. பதிவு செய்த குழுவை நடத்துகிற பையனுக்குப் போன் போட்டேன். "அந்தப் பாட்ட எங்கப்பா பதிவு பண்ணினீங்க? யாரு சொல்லி?" என்று ஒரு அதட்டு அதட்டினேன். அவன் பயந்துபோய் எங்கள் ஊரின் பெயரைச் சொன்னான். "பாட்டு டீச்சர்தான் சொன்னாங்க மேடம். மத்த பாட்டெல்லாம் ஸ்டூடியோவுல பண்ணுங்க, இத மட்டும் அந்த ஊருக் களத்துல போயி, சனங்கள வச்சுப் பண்ணுங்கன்னாங்க. அங்க அந்தப் பாட்டு முடியாமயே நிக்குதுன்னாங்க. அவங்க போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி."

ஆக, நீ.

மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அங்கே எங்களுக்கு இப்போது வீடும் இல்லை, நிலமும் இல்லை. அஞ்சலையைத் தேடிப் போனேன். எங்கள் வயலில் நடவு நட்டவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். மகன் கட்டிய மாடி வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தக் காலத்து நாடகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஒங்க கூட்டாளி அன்னிக்குக் காலையிலேயே வந்துடுச்சும்மா" என்றாள். "எங்க தெருவுல வீடு வீடா ஏறி எறங்குச்சு. ராத்திரி அந்தப் பேரச் சொல்லாதீங்க, அவரு மவ மேடையில நிப்பா, அவ காதுல விழ வேணாம்னுச்சு. எங்க வீட்டுக்காரரு ஒத்துக்கவே இல்ல. ஆண்டே ஆண்டேன்னு கூப்புட்டே எங்கப்பன் செத்தான், நானு ஒரு தடவயாச்சும் பேரச் சொல்லிப் பாக்குறேன்னாரு. அப்புறம் அது அழுவ ஆரம்பிச்சுடுச்சு. எங்க சாதிசனத்துப் பொண்ணு, எங்களுக்காகப் பாட வந்த புள்ள, அழுதா என்ன பண்றது? விட்டுட்டோம். ஒங்களுக்காகத்தான். அந்த ஆளுக்காக இல்ல."

"இப்ப சொன்னீங்களே?"

"இப்ப நீங்க மேடையில இல்லியே" என்றாள். கீரைக் காம்பைத் தூரப் போட்டுவிட்டு, "எங்க வீட்டுக்காரருதான் இல்ல. அந்த வருசமே, அடுத்த அறுப்புக்கு முன்னாடியே போயிட்டாரு. சொல்லாமயே போயிட்டாரு" என்றாள்.

தீர்ப்புச் சொல்லக் கூடியபோது எனக்குத் தூக்கமில்லாத முகம். மற்ற நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் வானொலியில் இருந்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் இசைக் கல்லூரிப் பேராசிரியர். நம் பதிவுக்கே பரிசு என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். நான் கீபோர்டையும் புல்லாங்குழலையும் விட்டுவைக்கவில்லை, மூச்சு வாங்காத அறுப்புக்காரியையும் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அப்புறம் வானொலிக்காரர், "அந்தக் கூச்சல் ஒண்ணுதான் மேடம் உறுத்துது. யாரோ ஒருத்தர் பேரு வேற தெளிவா கேக்குது. நாளைக்கு அந்தக் குடும்பத்துக்காரங்க வந்து நின்னா வம்பு. அத மட்டும் வெட்டிட்டு வெளியிடச் சொல்லுவோம். பையன்கிட்டப் பேசிட்டேன், சரிங்கிறான்" என்றார்.

"வெட்டினா நான் இதுல இல்லை" என்றேன்.

"ஏங்க, யாரு பேருன்னே நமக்குத் தெரியாதே?"

"எங்க அப்பா பேரு. அந்தக் குடும்பத்துல மிச்சம் இருக்கிறது நான்தான். எனக்கு ஆட்சேபணை இல்லை."

பேராசிரியர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெயர் அப்படியே வெளிவருகிறது.

நீ இருந்திருந்தால் உன்னோடு பெரிய சண்டை போட்டிருப்பேன். அது அவங்க வாயி என்று என்னிடம் சொன்னாயே, அந்த வாயை அடைத்ததே நீதானே? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அன்று காலையில் என்னை எழுப்பி, "உங்க ஊர்ல சொல்லட்டுமாடி, வேணாமா?" என்று கேட்டிருந்தால், தாராளமாகச் சொல்லட்டும் என்றிருப்பேன். இப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதியும் விட்டேன், ஆனால் அது பொய். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உன் கையைப் பிடித்துக் கெஞ்சியிருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நான்தான் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்திருந்தேன். நீ என்னை முன்னாலேயே சந்தேகப்பட்டிருக்கிறாய், சரியாகவே சந்தேகப்பட்டிருக்கிறாய். ஆனாலும் என்னை ஒரு நாளும் விட்டுப் போகவில்லை.

அந்தப் பாட்டைத் தினமும் ஒரு தடவை கேட்கிறேன். யாரு, யாரு என்று நிற்கிற இடத்தில் ஊரே என் அப்பாவின் பெயரைச் சொல்கிறது. நான் அஞ்சலையின் வீட்டுக்காரர் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வயலில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவர், எனக்கு அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. கிளம்பும்போது அஞ்சலையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோவிந்தன்.